ஷமீம் திரும்பப் பெற நினைத்த புத்தகம்

செய்தி வந்தபோது என் கைப்பேசி என்னிடம் இல்லை. பல்கலைக்கழகத் தேர்வு மேற்பார்வைக்காக அரக்கோணம் பக்கத்தில் வேறொரு கல்லூரிக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். தேர்வு அறைக்குள் போவதற்கு முன் கைப்பேசியை அணைத்து அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு நடந்த தாள் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். நானும் ஷமீமும் எங்கள் கல்லூரியில் ஆளுக்கொரு செக்ஷனாகப் பல வருடங்கள் நடத்திய பாடம் அது.

விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்துவிட்டுக் கைப்பேசியை உயிர்ப்பித்தால், திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். துறையில் இருந்த எல்லோருமே கூப்பிட்டிருந்தார்கள். கடைசியாக ஒரு குறுஞ்செய்தி: "ஷமீம் மேடம் விடியக்காலைல தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். சீக்கிரம் வாங்க."

ஆட்டோ பிடித்துத் திருத்தணிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் வீட்டு வாசலில் செருப்புகள் மட்டும் கிடந்தன. ஆண்கள் யாரும் இல்லை. உள்ளே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் தூக்கிகினு போனாங்கமா. நீ வரட்டும்னு கொஞ்ச நேரம் பாத்தாங்க மாலதி. அதுக்கு மேல வெக்க முடியாதில்ல" என்றார். அவளைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி போர்த்தி, எல்லோரும் கடைசியாக முகம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குக் கூடுதல் தாள் கட்ட நூல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நம் கல்லூரியின் பழைய மாணவர்களுக்காக எழுதும் இந்த அஞ்சலியை 'அவர்' என்று ஆரம்பித்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருந்தது. ஷமீம் பானு எனக்கு எப்போதும் 'அவள்'தான். அவளிடம் படித்தவர்களும், மேடம் மேடம் என்று அவள் பின்னாலேயே நடந்தவர்களும் இதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். முதல்வர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் என் பக்கம் சாய்ந்து, "பயமா கீதா?" என்றாள். இல்லை என்றேன். "எனக்கு கீது" என்றாள். அவள் தந்தை திருத்தணியில் இருசக்கர வாகன மெக்கானிக். அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். பயம் என்றால் பயம் என்று சொல்வதற்கு அவள் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. எனக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை. இதற்குப் பின் நான் சொல்லப்போவதில் பாதி அந்த வித்தியாசத்தினால் வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

எங்களிடம் வந்த பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பலரும் அவர்கள்தாம். பொதட்டூர்பேட்டையிலிருந்தும் ஆர்.கே.பேட்டையிலிருந்தும் டவுன் பஸ் ஏறி வருகிறவர்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், இங்கே திடீரென்று எல்லாம் ஆங்கிலம். கணினிக்குள் தகவல்களை எப்படி அடுக்கி வைத்தால் சுலபமாகத் தேடி எடுக்கலாம் என்பதுதான் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம். அலமாரி அடுக்குவதைப் போன்ற விஷயம். ஆனால் அந்தத் தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்ததுமே பிள்ளைகள் மிரண்டார்கள். பாதி வகுப்பு அரியர் வைத்தது.

"நாமளே சுருக்கமா எழுதிக் குடுத்துடலாம் மாலதி" என்றாள் ஷமீம். ஒரு விடுமுறையில் அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதினோம். தேர்வில் வரக்கூடிய கேள்விகள், அளவான விடைகள், எளிய ஆங்கிலம், கேள்விக்கு ஒரு படம். திருத்தணி ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் அதைப் பிரதியெடுத்து ஸ்பைரல் போட்டார். அவரிடம் கைவசம் இருந்தது சிவப்பு அட்டை. பிள்ளைகள் அதை 'ரெட் புக்' என்றார்கள்.

அந்த வருடம் தேர்ச்சி விகிதம் ஏறியது. கல்லூரி விழாவில் எங்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ரெட் புக் எங்கள் கல்லூரியைத் தாண்டிப் போனது. ஒருமுறை சென்னைக்கு மின்சார ரயிலில் போகும்போது எதிர் இருக்கையில் யாரோ ஒரு பெண் சிவப்பு அட்டையை மடியில் வைத்து, கண்ணை மூடி, உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஷமீம் முழங்கையால் என்னை இடித்து, "பாரு, நம்ம புஸ்தகம்" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில். திருவள்ளூர் தாண்டும்வரை அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிறகு அந்த விடைத்தாள் வந்தது.

விடைத்தாள் திருத்தும் முகாம் அது. பெரிய கூடம், வரிசையாக மேசைகள், எந்தக் கல்லூரி, எந்த மாணவர் என்று தெரியாதபடி எண் மாற்றப்பட்ட தாள்கள். நானும் ஷமீமும் பக்கத்துப் பக்கத்து மேசை. அன்றைக்கு ஒரு கேள்வி, பைனரி சர்ச் ட்ரீ. எண்களை மரம்போல் கிளைகிளையாக அடுக்கும் முறை. அதன் விதி ஒன்றுதான்: சின்ன எண் இடப்பக்கம், பெரிய எண் வலப்பக்கம். ஐம்பது உச்சியில் இருந்தால், முப்பது அதற்கு இடப்பக்கம், எழுபது வலப்பக்கம். அடுத்து அறுபத்தைந்து வந்தால்? ஐம்பதைவிடப் பெரியது, ஆகவே வலப்பக்கம் போகும்; அங்கே இருக்கும் எழுபதைவிடச் சின்னது, ஆகவே எழுபதுக்கு இடப்பக்கம் தொங்கும். இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்கத் தேவையில்லை.

ஷமீம் திடீரென்று பேனாவை மூடி வைத்தாள். "இத பாரு" என்று ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள். அந்த மாணவர் விதியைச் சரியாக எழுதியிருந்தார். கீழே படமும் சரியாகப் போட்டிருந்தார். அறுபத்தைந்து, எழுபதுக்கு இடப்பக்கம். பிறகு அந்தப் படத்தின் மேல் குறுக்காகக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒரு படம். அதில் அறுபத்தைந்து எழுபதுக்கு வலப்பக்கம் தொங்கியது.

"ஏன் அடிச்சாங்க?" என்றேன்.

ஷமீம் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஏற்கெனவே திருத்தி அடுக்கிய கட்டை எடுத்துப் புரட்டினாள். ஒவ்வொரு தாளிலும் அறுபத்தைந்து வலப்பக்கம். அவளும் ஒவ்வொன்றுக்கும் முழு மதிப்பெண் போட்டிருந்தாள். என் கட்டிலும் அப்படியே. வெவ்வேறு கல்லூரிகள், வெவ்வேறு கையெழுத்துகள், ஒரே தவறு. அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ரெட் புக்கில் அந்தப் படம் அப்படித்தான் இருந்தது. நாங்கள் தப்பாகப் போட்டிருந்தோம். நாங்களே அதைப் பார்த்து, நாங்களே சரியென்று திருத்திக்கொண்டிருந்தோம்.

அந்தப் படத்தைப் போட்டது தான்தான் என்று ஷமீம் பிறகு எல்லோரிடமும் சொன்னாள். எனக்கு நிச்சயமில்லை. அந்த விடுமுறையில் இருவருமே மாற்றி மாற்றிப் படம் போட்டோம். ஆனால் அவள் சொல்லிவிட்டாள். நானும் மறுக்காமல் இருந்துவிட்டேன்.

அன்று ஒரே ரயிலில் திரும்பினோம். அரக்கோணம் நெருங்கும்போது சொன்னாள்: "மத்தவங்கள உடு மாலதி. அவங்களுக்குத் தெரியல, பாத்து எழுதினாங்க. இந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. தானா யோசிச்சு சரியா போட்டிருக்கு. அப்புறம் நம்ம புஸ்தகம் ஞாபகம் வந்து, தன் புத்தியே தப்புன்னு அடிச்சிருக்கு. அத அடிக்க வெச்சது நாமதான்." பிறகு, "அது யாருன்னுகூட நமக்குத் தெரியாது. போய் ஸாரி சொல்லவும் முடியாது" என்றாள். நான், படத்தைத் திருத்தி அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடலாம் என்றேன். "ஆங், பண்ணு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் படத்தைத் திருத்தினேன். அவள் தன்னைத் திருத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் வகுப்பில் நடந்ததைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரெட் புக்கைத் தூக்கிக் காட்டி, இதில் தவறு இருக்கிறது, போட்டது நான், இத்தனை வருடம் கவனிக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றாளாம். பிறகு, "எல்லாரும் மூடுங்க. இப்ப அந்தப் படத்தப் போடுங்க" என்றாள். "இப்பதானே மேம் படிச்சோம்" என்று ஒரு பையன். "ஆங், படிச்சே. போடேன் பாக்கலாம்." யாராலும் முழுசாகப் போட முடியவில்லை. அவள் சொன்னாள்: "புஸ்தகம் தொறந்திருக்கும்போது தெரிஞ்ச மாதிரியே இருக்கும். அது புஸ்தகத்துக்குத் தெரிஞ்சது. மூடின பிறகு கையில மிச்சம் இருக்கே, அதுதான் உனக்குத் தெரிஞ்சது." இந்த வாக்கியத்தை அவள் மாணவர்கள் பலர் இன்றும் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஒருநாள் எங்கள் துறைத் தாழ்வாரத்தில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் அவள் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் தோளில் கை வைத்திருக்கிறார்கள். லிங்க்ட் லிஸ்ட் என்பது அப்படித்தான். ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துவைத்திருக்கும். நடுவில் ஒரு பெண்ணைச் சேர்க்க வேண்டும். ஒரு பையன் அவசரப்பட்டு முன்னால் இருந்தவன் தோளை விட்டுவிட்டுப் புதுப்பெண்ணின் தோளைப் பிடித்தான். "போச்சு!" என்று கத்தினாள் ஷமீம். "முன்னாடி இருந்த ஆளுங்க எல்லாம் காணாம போய்ட்டாங்க. இனிமே அவங்கள எவனாலயும் தேட முடியாது. மொதல்ல அவ போய் அவன் தோளப் பிடிக்கணும். அதுக்கப்புறம்தான் நீ உடணும்." ரெட் புக்கில் நாங்கள் இதையே இரண்டு வரி கணினி நிரலாக எழுதியிருந்தோம். எந்த வரி முதலில் வரவேண்டும் என்பதை என் செக்ஷன் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அவள் பிள்ளைகளுக்கு அது ஏன் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை போட்ட கணக்கை முன்னறிவிப்பில்லாமல் வியாழக்கிழமை கேட்பாள். மறந்துவிட்டது என்று முனகினால், "மறக்கட்டும்னுதான் உட்டேன். மறந்தத நீயே தேடி எடுத்தாதான் உள்ள போய் உக்காரும்" என்பாள். நிரலை ஓடவிடுவதற்கு முன் விடை என்ன வரும் என்று எழுதி வைக்கச் சொல்வாள். தப்பாக வந்தால் சந்தோஷப்படுவாள். தாள் திருத்தும்போது அடித்த பகுதியைத்தான் முதலில் படிப்பாள். "எங்க சந்தேகம் வந்துச்சுன்னு அங்கதான் தெரியும்" என்பாள்.

இன்னொன்றும் செய்தாள். படித்ததை வீட்டில் யாராவது ஒருவருக்கு, அவர்கள் பேசும் மொழியில், சொல்லிப் புரியவைத்துவிட்டு வரவேண்டும். ஒரு மாதம் போயிருக்கும். காக்கிச் சட்டையோடு ஒரு பஸ் கண்டக்டர் துறைக்கு வந்தார். லாவண்யா என்ற மாணவியின் அப்பா. நான்தான் முதலில் அகப்பட்டேன்.

"இன்னா மேடம் படிப்பு இது? டூட்டி முடிஞ்சு வந்து குந்தினா, நைனா நைனா கேளுன்னு உயிர எடுக்கறா. சாப்ட உடமாட்றா. மரங்கறா, வேருங்கறா, எலங்கறா. புஸ்தகத்தப் பாத்துப் படிச்சிகினு போகவேண்டியதுதானே?"

ஷமீம் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "உங்களுக்குப் புரிஞ்சுதாங்க?" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்தார். "புரிஞ்சுது. ஆனா ஒண்ணு மேடம். ஏன் அந்த மரம் தலகீழா கீது? வேரு மேலயும் எலை கீழயும்? கேட்டா தெரிலன்றா." ஷமீம் விழுந்து விழுந்து சிரித்தாள். மேலேயிருந்து கீழே எழுதிப் பழகிய கைகள் போட்ட மரம், வேறொன்றும் காரணமில்லை என்றாள். அவருக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. புகார் சொல்ல வந்ததை மறந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அதைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. முடிவு அப்படி வரவில்லை. அந்தப் பருவத் தேர்வில் ஷமீம் செக்ஷனில் நிறையப் பேர் தோற்றுப்போனார்கள். அவள் முறையில் படிக்க நேரம் பிடித்தது. பாடத்திட்டத்தின் கடைசிப் பகுதியை அவளால் அவசரமாகத்தான் முடிக்க முடிந்தது. ரெட் புக்கை ஒப்பித்த என் செக்ஷன் நல்ல தேர்ச்சி காட்டியது. முதல்வர் எங்கள் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். "பக்கத்து செக்ஷன்ல எப்படிம்மா வந்துச்சு?" என்று அவளைக் கேட்டார். என் பிள்ளைகள் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டியவள் நான்தான். நான் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு செக்ஷனையும் என்னிடம் கொடுத்தார்கள். அவளுக்கு முதலாண்டுப் பாடமும் லேபும். வெளியே வந்ததும் ஏதாவது சொல்வாள் என்று பயந்தேன். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "எடுத்துக்கோ. சண்ட போடாத. ஒண்ணே ஒண்ணு, அப்பப்ப மூடி வெச்சிட்டுப் போடச் சொல்லு. அது போதும் எனக்கு" என்றாள். சொன்னேன். ஒரு வாரமோ என்னவோ செய்தேன். போர்ஷன் பின்தங்கியது. விட்டுவிட்டேன்.

அவள் விடவில்லை. அரியர் வைத்தவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன் என்று அனுமதி கேட்டாள். அரியர் பிள்ளைகளை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதால் சுலபமாகக் கிடைத்தது. நான் பாஸ் செய்யவைக்க முடியாமல் விட்டவர்களும் அங்கே போனார்கள். கிருத்திகை விழுந்த ஒரு சனிக்கிழமை, மலைக்குப் போகும் கூட்டத்தில் சாலையெல்லாம் அடைத்து, பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. இன்றைக்கு யார் வரப்போகிறார்கள் என்றேன். காவடிக் கூட்டத்துக்குள் நடந்து, சட்டையெல்லாம் விபூதியும் மஞ்சளுமாக அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஷமீமும் அந்தக் கூட்டத்துக்குள்தான் நடந்து வந்திருந்தாள்.

ஆர்.கே.பேட்டை சுரேஷ் அவர்களில் ஒருவன். என் வகுப்பில் படித்தவன். ரெட் புக்கை ஒரு எழுத்து விடாமல் ஒப்பிப்பான். கேள்வியில் ஒரு எண்ணை மாற்றிக் கேட்டால் அப்படியே நின்றுவிடுவான். திரும்பத் திரும்ப எழுதியும் பேப்பர் போய்க்கொண்டே இருந்தது. கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அவன் எழுந்து பேசினான்.

"பாஸானதும் ஸ்வீட் எடுத்துகினு மேம் வீட்டுக்குப் போனேன். வாங்கிக்கினாங்க. வாயில போடறதுக்கு முன்னாடி, 'சரி, ஹீப்னா இன்னா, சொல்லு பாக்கலாம்'னாங்க. பாஸாயிட்டேன் மேம்னேன். 'தெரியும்டா, அதான் கேக்கறேன், இப்ப பயமில்லாம சொல்வே இல்ல'ன்னாங்க. சொன்னேன். அதுக்கப்புறம்தான் ஸ்வீட்ட வாயில போட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. என்னையும் பேசச் சொன்னார்கள். நல்ல தோழி, நல்ல ஆசிரியர் என்று நாலு வரி பேசிவிட்டு இறங்கினேன். அங்கே சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவளோடு கடைசியாகப் பேசியது ரயில் நிலையத்துக்கு வெளியே, டீக்கடையில். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு. அவளுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. இருந்ததாக யாருக்கும் தெரியாது. எதிரே ஜெராக்ஸ் கடையில் பிள்ளைகள் தேர்வுக்காகக் கூட்டமாக நின்றிருந்தார்கள். சிவப்பு அட்டைகள் கைமாறிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ரெட் புக்க நிறுத்திடலாம் மாலதி. நான் மட்டும் சொன்னா, ரிசல்ட் போன கடுப்புல சொல்றான்னு நெனப்பாங்க. பேரு ரெண்டு பேரோடது. ரெண்டு பேரும் சேந்து கிளாஸ்ல நின்னு சொல்லலாம்."

"இந்த எக்ஸாம் முடியட்டும் ஷமீம்" என்றேன்.

"எந்த எக்ஸாம்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஒவ்வொரு பருவமும் அவள் கேட்டாள். ஒவ்வொரு பருவமும் நான் இதையே சொன்னேன். அவளுக்கு அது பழகிவிட்டிருந்தது. டீயை முடித்துவிட்டு, வீட்டில் விருந்தாளி என்று கிளம்பிவிட்டாள்.

சில நாட்கள் கழித்து அவள் கணவர் பஷீர் பாயைப் பார்க்கப் போனேன். மாமனாரின் மெக்கானிக் கடையை இப்போது அவர்தான் நடத்துகிறார். கடை திறந்திருந்தது; வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எதையாவது பேச வேண்டுமே என்று, கல்லூரியில் எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றேன்.

"அவ யாரோ ஒரு புள்ளயப் பத்தியே பேசிகினு இருப்பா மேடம்" என்றார். "பரீட்சைல சரியா எழுதிட்டு அடிச்சிடுச்சாமே. அது இப்ப எங்க வேல செய்யுதோ, தனக்குப் புத்தி பத்தாதுன்னு நெனச்சிகினு இருக்கோன்னு. பஸ்ல போம்போது ஆபீஸ் போற பசங்களப் பாத்தாகூட, இதுவா இருக்குமோன்னுவா. நான் கிண்டல் பண்ணுவேன்."

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "என் மேல கோவமா இருந்தாளா பாய்?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "உங்க மேலயா? இல்லவே இல்ல. நான் ஒருவாட்டி கேட்டேன், உன் செக்ஷன அவங்க வாங்கிக்கினாங்களே, ஒண்ணும் சொல்லலியான்னு. 'மாலதி பயந்தவ, கெட்டவ இல்ல'ன்னுட்டா. அத்தோட உட்டுட்டா."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார். முதல்வர் அறைக்கு வெளியே, பயமா என்று கேட்டவளிடம் இல்லை என்றேனே, அதை அவள் அன்றைக்கே நம்பவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடம் என் பயத்தைத் தெரிந்துகொண்டே என்னோடு பழகியிருக்கிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அங்கிருந்து நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ரெட் புக்கை இனிமேல் போடாதீர்கள் என்றேன். கடைக்காரர் மறுப்பு சொல்லவில்லை. "ஷமீம் மேடம் பேரச் சொல்லிக் கேக்கறீங்க, நிறுத்திடறேன். ஆனா இதப் பாருங்க" என்று தன் கைப்பேசியை நீட்டினார். யாரோ ரெட் புக்கைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் கோப்பாக்கியிருந்தார்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ பிள்ளைகள் அதை அனுப்பிப் பிரதி கேட்கிறார்களாம். முதல் பக்கத்தில் எங்கள் இருவர் பெயர்களும் இருந்தன. தள்ளித் தள்ளி அந்தப் பக்கத்துக்குப் போனேன். நான் திருத்திய பதிப்புகூட இல்லை அது. பழையது. அறுபத்தைந்து வலப்பக்கமே தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் நிறுத்தினா இது நிக்குமா மேடம்?" என்றார்.

நிற்காது. அவள் கேட்ட முதல் பருவத்திலேயே நாங்கள் சேர்ந்து சொல்லியிருந்தால் ஒருவேளை நின்றிருக்கும். இதை எந்த விதத்திலும் என்னால் சமாதானம் செய்துகொள்ள முடியவில்லை. படிக்கிறவர்களுக்கு இப்போதாவது சொல்லிவிடுகிறேன்: அந்தக் கோப்பு உங்களிடம் இருந்தால் அழித்துவிடுங்கள். உங்கள் தம்பி தங்கைகளிடம் இருந்தால் மூடி வைத்துவிட்டு வெறும் தாளில் போடச் சொல்லுங்கள். இதை நான் தனியாகத்தான் சொல்கிறேன். இரண்டு பேராகச் சொல்ல வேண்டியது.

அவளுடைய சனிக்கிழமை வகுப்பை இப்போது நான் எடுக்கிறேன். என்னால் அவளாக முடியாது. தாழ்வாரத்தில் பிள்ளைகளை நிற்கவைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளைப்போல் சத்தமாகச் சிரிக்கவும் வராது. முதல் சனிக்கிழமை, அவள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி என்று சுரேஷ் சொல்லியிருந்த ஒன்றைக் கேட்டேன். ஸ்டாக் என்பது தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல. கடைசியாக வைத்ததுதான் முதலில் வெளியே வரும். க்யூ என்பது ரேஷன் கடை வரிசைபோல. முதலில் வந்தவர் முதலில் போவார். தட்டு அடுக்கு இரண்டை மட்டும் கொடுத்தால், அதை வைத்து ஒரு ரேஷன் கடை வரிசையை உண்டாக்க முடியுமா?

யாரும் பேசவில்லை. வகுப்பில் மௌனம் விழுந்தால் எனக்குத் தாங்காது. ஒரு மூச்சு விடுவதற்குள் விடையை நானே சொல்லிவிடுவேன். இத்தனை வருடமும் அப்படித்தான். ஷமீம் கேள்வி கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தபடி நின்றுகொள்வாள். நாம் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு யோசிக்க வராது என்பாள். எவ்வளவு நேரமானாலும் திரும்பமாட்டாள். பக்கத்து வகுப்பிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம், நேரத்தை வீணாக்குகிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

நான் ஜன்னலுக்குப் போனேன். வெளியே மைதானத்தில் யாரோ வண்டி ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். விடை என் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு நின்றேன். பின்னால் மின்விசிறி சுற்றியது. ஒரு பேனா கீழே விழுந்தது. யாரோ யாரிடமோ கிசுகிசுத்தார்கள். நான் திரும்பவில்லை. அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்தக் காத்திருத்தல் ஒன்றைத்தான். வேறெதையும் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"மேம்" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். ஒல்லியான பெண், முந்தைய பருவத்தில் என் செக்ஷனில் இருந்தவள். அவள் வாய் திறந்து பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. "ஒரு அடுக்க அப்படியே இன்னொண்ணுல கவுத்துட்டா? மொதல்ல வெச்சது மேல வந்துடும் இல்ல?"

சரி, தப்பு என்று எதுவும் சொல்லாமல் சாக்பீஸை அவளிடம் நீட்டினேன். அவள் எழுந்து பலகைக்கு வந்தாள். நான் போய் அவளுடைய இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.